கிராமத்துக்கு டாக்டர் வரலை, சரி. மாத்திரை ரெண்டாவது தடவை வந்துச்சா?

3 ஜூன் 2025

வாசகர் ஒருவர் கேட்டது இது:

"எம்.பி.பி.எஸ். முடிக்கிற எல்லாரையும் அஞ்சு வருஷம் கட்டாயமா கிராமத்துக்கு அனுப்பினா மலைக்கிராமம் வரைக்கும் மருத்துவம் போய்ச் சேர்ந்திடும். டாக்டருங்க போக மாட்டேங்கிறாங்க, அது ஒண்ணுதான் பிரச்சினை. யாராவது மறுக்க முடியுமா?"

நான் மறுக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 29 வருஷம் மருந்து கொடுத்தவன். 1989-ல் சேர்ந்தேன், 2018-ல் ஓய்வு. கடைசி 16 வருஷம் ஜவ்வாது மலை அடிவாரத்தில். ஊர் பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த 16 வருஷத்தில் எங்களுக்கு டாக்டர் இல்லாத நாட்கள் மொத்தமாகச் சேர்த்தால் நாலைந்து மாதம் வரும். மற்ற நாளெல்லாம் ஒருவராவது இருந்தார், சில சமயம் இரண்டு பேர். அப்படியும் நடந்ததைச் சொல்கிறேன்.

2013. மேலே ஒரு கொல்லையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சாமை விதைக்கிறவர், அறுபது வயசு இருக்கும். தலைசுற்றல். டாக்டர் பிரஷர் பார்த்தார், 190/110. அம்லோடிபின், பிரஷர் மாத்திரை, எழுதினார், நான் கொடுத்தேன். இரண்டாம் முறையும் வந்தார். மூன்றாம் முறை வரவில்லை. பத்து மாசம் கழித்து டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். வலது கை, வலது கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. டாக்டர் இருந்தார், மாத்திரையும் இருந்தது. ரோடுதான் இல்லை. அவர் கீழே இறங்கி வந்து போக ஒரு முழு நாள், அன்றைய கூலி போச்சு. அதனால்தான் வராமல் நின்றுவிட்டார்.

முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு வருவதில் பிரச்சினையே இல்லை. வலி வந்தால் எவரும் வருவார். வலி இல்லாத வியாதிக்கு இரண்டாவது, மூன்றாவது, முப்பதாவது தடவை வர வைப்பதுதான் கிராமத்து மருத்துவம்.

3 ஜூன், இரவு

"29 வருஷம் மாத்திரை எண்ணினவர் டாக்டரைப் பற்றிப் பேசலாமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பேசலாம். டாக்டர் எழுதின கையெழுத்தை 29 வருஷம் படித்தவன் நான்தான்.

5 ஜூன்

கட்டாயம் பற்றி. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர்கள் வந்தது கட்டாயத்தால் இல்லை, ஆசையால். அரசுப் பணியில் இருக்கும் டாக்டருக்கு மேற்படிப்பில் 50 சதவீத இடம் தனியாக இருந்தது. எங்களிடம் வந்த இளம் டாக்டர் பத்துப் பேரில் எட்டுப் பேர் மேசைமேல் ஓபி சீட்டு, மடியில் எம்.டி. நுழைவுத் தேர்வுப் புத்தகம். மூன்று வருஷம் இருப்பார்கள், சீட் கிடைக்கும், போவார்கள், அடுத்தவர் வருவார். குறை சொல்லவில்லை. அந்த மூன்று வருஷத்தில் நல்லாவே பார்த்தார்கள்.

2017-ல் அந்த ஒதுக்கீட்டுக்கு அடி விழுந்தது. மத்திய விதி ஒதுக்கீடு கிடையாது, கஷ்டமான இடத்தில் வேலை செய்தால் ஊக்க மதிப்பெண் மட்டும் என்றது. டாக்டர்கள் வழக்குப் போட்டார்கள். 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம், பணியில் இருப்பவர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. கிராமத்து மருத்துவம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. டாக்டரை மலைக்கு இழுத்து வந்த கயிறே அந்த ஒதுக்கீடுதான்.

சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கிக்குப் போன ரெஜி, லலிதா தம்பதி மாதிரி சொந்த மனசில் போகிறவர்களும் உண்டு. 1993-ல் குடிசையில் ஆரம்பித்து ஆஸ்பத்திரியாக வளர்த்தார்கள். அவர்களும் முதலில் செய்த வேலை அந்த ஊர் மலைவாழ் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் ஆக்கியதுதான். இரண்டு டாக்டர் எத்தனை வீட்டுக்குத்தான் நடப்பார்கள்?

8 ஜூன்

ஒரு ராத்திரியைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் விடியற்காலை.

2011, மழைக்காலம். நான் குவார்ட்டர்ஸில் இருந்தேன். ஐந்து மணிக்கு ஸ்டாஃப் நர்ஸ் ஆள் அனுப்பினார். முப்பது வயசு அம்மா, வயிற்றுவலி என்று வந்திருக்கிறார். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று கூட வந்தவர்கள் சொல்கிறார்கள். நர்ஸ் முதலில் வாயு ஊசிக்குத்தான் மருந்து எடுத்தாராம். அப்புறம் அந்த அம்மா பேசும்போது விரலால் தன் இமையைத் தூக்கித் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறார். "ஏம்மா, கண்ணு திறக்க முடியலையா?" "தூக்கம் சரியில்லைங்க." எங்கே படுத்தீங்க? தரையில்.

கட்டுவிரியன். கடித்தது தெரியாது, வலிக்காது, தழும்பும் தெரியாது. தரையில் படுத்துத் தூங்குகிறவரை நடு ராத்திரியில் கடித்துவிட்டுப் போய்விடும். காலையில் வயிற்றுவலி, அப்புறம் இமை இறங்கும், அப்புறம் மூச்சு.

டாக்டர் அன்று மாவட்டத் தலைநகரில். போனில் பேசிக்கொண்டே இருந்தார். நர்ஸ் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் வைத்துச் சாய்த்துப் பார்த்தார், உறையவில்லை. விஷமுறிவு மருந்து பத்து குப்பி ஏற்றச் சொன்னார் டாக்டர். எங்களிடம் பன்னிரண்டு இருந்தது. நான் ஒவ்வொன்றாக உடைத்துக் கரைத்துக் கொடுத்தேன், அந்தப் பொடி சீக்கிரம் கரையாது, குலுக்கவும் கூடாது, நுரைத்துவிடும், உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும். பத்துக் குப்பி உருட்டி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. 108 வந்தது. வண்டிக்குள் ஏற்றியதும் மூச்சு சுருங்க ஆரம்பித்தது. அந்த 108 பையன், இருபத்தைந்து வயசுகூட இருக்காது, பலூன் மாதிரி இருக்கும் அம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டே ஜி.எச். வரைக்கும் போனான். 40 கிலோமீட்டர். பிழைத்துவிட்டார்.

இதில் டாக்டர் நேரில் இல்லை, கவனித்துப் பாருங்கள்.

9 ஜூன்

நேற்று எழுதியதில் தப்பு. ஒரு டாக்டர் வாசகர் பிடித்துவிட்டார். கட்டுவிரியன் கடியில் ரத்தம் உறையும். உறையாமல் போவது கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும்தான். கட்டுவிரியனும் நாகமும் நரம்பைப் பிடிக்கும். அன்று குழாயில் ரத்தம் உறைந்துதான் இருந்தது, அப்படியும் இமையை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்தார். நான் வேறு ஒரு கேஸை இதோடு கலந்துவிட்டேன், அது கரும்புத் தோட்டத்தில் விரியன் கடித்த ஆள்.

திருத்தியபின் கதை எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. பரிசோதனை ஒன்றும் சொல்லவில்லை, அந்த நர்ஸின் கண்தான் சொன்னது.

அந்தக் குழாய் பற்றி ஒரு கொசுறு. கண்ணாடியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் சோப்பு மிச்சமே ரத்தத்தை உறைய விடாது, இல்லாத விஷத்தைக் காட்டும். எங்கள் ஆயா அந்தக் குழாயை சபீனா போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்ததைப் பார்த்து அந்த நர்ஸ் கத்திய கத்தல் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

14 ஜூன்

"அப்போ டாக்டரே வேண்டாமா?" என்று கேட்டவருக்கு. வேண்டும். போனில் அன்று பேசியவர் டாக்டர், ஜி.எச்.சில் குழாய் போட்டு மூச்சு கொடுத்தவரும் டாக்டர். 3-ம் தேதி எழுதியதில் கொஞ்சம் ஓவராகப் போய்விட்டேன், ஒத்துக்கொள்கிறேன். டாக்டர் ஒருவரை மட்டும் கொண்டு வந்து இறக்கிவிட்டால் போதும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

ரோட்டையும் சொல்ல வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயசுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு சரியில்லாததால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரமாகி வழியிலேயே போய்விட்டது. உடலைத் திரும்பக் கொண்டுபோன வண்டியும் ரோடு முடிந்த இடத்தில் இறக்கிவிட, தாய் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். எல்லாப் பேப்பரிலும் வந்தது. பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக 2024 நவம்பரில் தமிழ்நாடு அறிவித்திருக்கிறது. நல்லது, எங்கே எத்தனை என்று இனி கணக்காவது வரும்.

இருபதாயிரம் பேருக்கு ஒரு நிலையம், மலையில். சமவெளியில் முப்பதாயிரம். விதி இப்படித்தான் தலையை எண்ணுகிறது. இருபதாயிரம் பேர் எத்தனை மடிப்பு மலையில் சிதறிக் கிடக்கிறார்கள், வழியில் எத்தனை ஓடை என்று எண்ணாது.

15 ஜூன்

ஊசி பற்றி யாருமே பேசவில்லையே. "சாமி, ஊசி போடலைன்னா என்னா வைத்தியம்?" என்று கேட்பார்கள். மாத்திரை கொடுத்து அனுப்பினால் அது இலவசம், அதனால் மட்டம். எங்கள் டாக்டர் ஒருவர் வருகிறவர்களுக்கெல்லாம் பி-காம்ப்ளக்ஸ் சத்து ஊசி போட்டு ஒரே வருஷத்தில் கைராசிக்காரர் ஆகிவிட்டார். அடுத்து வந்தவர் ஒழுங்கானவர், தேவையில்லாமல் ஊசி தொட மாட்டார். ஓபி பாதியானது. மீதிப் பாதி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பட்டமே இல்லாமல் ஊசி போட்டுக்கொண்டிருந்தவரிடம் போனது.

சத்து மாத்திரையும் அப்படித்தான். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் மலம் கறுப்பாகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாம் நாளே மாத்திரை கொல்லையில் கிடக்கும். சொல்ல வேண்டியது ஒரு வரி. ஓபியில் 150 பேர் வரிசையில் நிற்கும்போது அந்த ஒரு வரி என் வாயில் வராது. கிராம சுகாதார செவிலியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வார், அங்கே வரும்.

22 ஜூன்

இந்தப் பதிவு இழை எங்கெங்கோ போகிறது, தூரத்துக்கே வருகிறேன்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் போய் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே குழந்தையைக் கொண்டு வரச் சொன்னார்கள். பயம் நியாயமானது. அந்த நேரத்தில் நானும் சரி என்றுதான் நினைத்தேன்.

எங்கள் பக்கம் நடந்தது: புதன்கிழமை காலை ஐஸ் பெட்டி ரெடியாக இருக்கும், நாலு பக்கமும் ஐஸ் கட்டி, நடுவில் குப்பிகள், ஆனால் ஆள் வராது. தட்டம்மை மருந்தைக் கலக்கிவிட்டால் நாலு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒரே ஒரு குழந்தைக்காக ஐந்து குழந்தைக்கான குப்பியை உடைப்பதா என்று நர்ஸும் நானும் ஒவ்வொரு வாரமும் பேசிக்கொள்வோம். ஒரு பாட்டி பேத்தியை முதுகில் கட்டிக்கொண்டு வந்தார், பதினோரு கிலோமீட்டர், பாதி இறக்கம். குப்பி உடைத்தோம். "அடுத்தது எப்போ வரணும்?" என்று கேட்டார். நர்ஸ் தேதி சொன்னார். பாட்டி ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். அந்தத் தேதிக்கு வரவில்லை. நர்ஸம்மா பெட்டியோடு அவர் வீட்டுக்கே போய்விட்டு வந்தார், யாருக்கும் சொல்லாமல். உத்தரவு கீழே, குழந்தை மேலே, என்ன செய்வது.

பிற்பாடு ஊருக்கே போய்ப் போடும் முறை திரும்ப வந்துவிட்டது.

29 ஜூன்

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மேலே சொன்ன அந்த நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். அவரும் ஓய்வுதான், பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த இழையில் எழுதியதையெல்லாம் படித்துக் காட்டினேன். பாட்டி கதைக்குச் சிரித்தார். ("செருப்பு இல்லை சார் அந்தம்மாவுக்கு. கையில வெச்சிருந்தது சொரக்கா, எனக்குக் குடுக்க எடுத்தாந்தது. குடுக்க மறந்து திரும்ப எடுத்துக்கினு போயிடுச்சு.") சரி, திருத்திக்கொள்ளுங்கள், சுரைக்காய்.

அப்புறம் பக்கவாதம் வந்த பெரியவர் கதையைப் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், கோச்சுக்காதீங்க. அவருக்கு நீங்க எத்தினி நாளைக்கு மாத்திரை குடுத்தீங்க?"

"ஒரு மாசத்துக்கு."

"இல்ல சார். டாக்டரு ஒரு மாசம் எழுதினாரு. நீங்க பத்து குடுத்தீங்க. முடிஞ்சதும் வான்னீங்க. எல்லாருக்கும் அப்படித்தான் குடுத்தீங்க அந்த வருஷம்."

பொய் சொல்கிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் அந்தக் கத்தரிக்கோல் ஞாபகம் வந்தது. மேசை டிராயரில் நூல் கட்டித் தொங்கும். ஓர் அட்டையில் பத்து மாத்திரை. ஐந்து போதும் என்று தோன்றினால் நடுவில் வெட்டுவேன்.

ஏன் என்றால்: எங்களுக்கு மருந்து வருவது பாஸ்புக் கணக்கில். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995-ல் கொண்டு வந்த முறை. ஒவ்வொரு நிலையத்துக்கும் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று ஒதுக்கீடு உண்டு, தேவையானதை மாவட்டக் கிடங்கில் எடுத்துப் பாஸ்புக்கில் பதிந்துகொள்ள வேண்டும். நல்ல முறை, வெளி மாநிலங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அந்த வருஷம் பிரஷர், சுகர் பரிசோதனை எல்லா நிலையத்திலும் மும்முரமாக ஆரம்பித்த புதிது. ஆட்கள் திடீரென்று இரண்டு மடங்கு. காலாண்டு முடிவதற்குள் ஸ்டாக் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். ரெஜிஸ்டரில் அம்லோடிபின் பக்கத்தில் பூஜ்யம் விழுவதைப் போல அவமானம் மருந்தாளுநருக்கு இல்லை. அதனால் எல்லாருக்கும் பத்துப் பத்தாகக் குறைத்தேன். சமவெளிக்காரர் சைக்கிளில் திரும்ப வந்துவிடுவார். மலைக்காரர் பத்து நாளைக்கு ஒரு முறை ஒரு நாள் கூலியை விட வேண்டும். இரண்டு தடவை விட்டார், மூன்றாம் தடவை முடியவில்லை.

வருஷக் கடைசியில் அம்லோடிபின் மிச்சம் இருந்தது. எக்ஸ்பைரிக்கு முன்னால் பக்கத்து நிலையத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். இதையும் நர்ஸம்மாதான் ஞாபகப்படுத்தினார், பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டது அவர்தானாம்.

ரோடு இல்லை என்று 3-ம் தேதி எழுதினேன். ரோடு இல்லைதான்.

30 ஜூன்

"நீங்க ஒருத்தர் என்ன பண்ண முடியும், சிஸ்டம் அப்படி" என்று ஆறுதல் சொன்னவர்களுக்கு: ஒரு மாசம் கொடு என்று டாக்டர் எழுதியிருந்தார். கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. ஆறுதல் வேண்டாம், விடுங்கள்.

6 ஜூலை

அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெரிதாக ஒன்றுமில்லை. நர்ஸம்மா சொன்ன யோசனை. மேலேயிருந்து ஜனங்கள் வாரம் ஒரு நாள் சந்தைக்கு எப்படியும் இறங்குவார்கள்: சாமை, தேன், நெல்லிக்காய், கடுக்காய் விற்க, உப்பும் துணியும் வாங்க. ஆஸ்பத்திரி சந்தையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். அந்த ஒன்றரைக்காக வர மாட்டார்கள், கடைசி பஸ் போய்விடும். அதனால் சந்தையில் உப்புக்காரர் பக்கத்தில் புளியமரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டார். பிரஷர் கருவி, ரெஜிஸ்டர், நான் கட்டிக் கொடுத்த மாத்திரைப் பொட்டலங்கள். ஒவ்வொரு பொட்டலமும் முப்பது நாளைக்கு. எழுத்துத் தெரியாதவர்களுக்காக மேலே காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை வரைந்திருப்பேன். என் பிறை வாழைப்பழம் மாதிரி இருக்கும். "வாழைப்பழ மாத்திரை குடும்மா" என்றே கேட்பார்கள். பழம் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட வேண்டும் என்று ஒரு அம்மா ஆறு மாசம் ராத்திரி ராத்திரி வாழைப்பழம் தேடியிருக்கிறார்.

இதற்கு உத்தரவு எதுவும் கிடையாது. ஆடிட்டில் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். டாக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார், நல்ல மனுஷன்.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியதை டிவியில் பார்த்தபோது நர்ஸம்மா போன் பண்ணினார். "சார், நம்ம புளியமரத்தை கவர்மெண்டு எடுத்துக்கிச்சு." சுய உதவிக் குழுவிலிருந்து ஊர்ப் பெண் ஒருவர் தன்னார்வலர், வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். குறை இருக்கிறது. அந்தப் பெண்களுக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை வேலைக்குப் பத்தாது. மலையில் ஒருவர் பார்க்க வேண்டிய வீடுகள் ஒரு நாளில் நடக்க முடியாத தூரம். ஆனாலும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்த என்னைவிட அந்தப் பெண் மேல்.

7 ஜூலை

இ-சஞ்சீவனி பற்றி: டாக்டரை போன் திரையில் பார்ப்பது நல்ல விஷயம்தான், கொரோனா சமயத்தில் நிறையப் பேர் பயன்படுத்தினார்கள். எங்கள் மலையில் சிக்னல் ஒரு பாறைமேல்தான் கிடைக்கும். காய்ச்சல்காரரைப் பாறைமேல் ஏற்றுகிற நேரத்தில் கீழேயே இறக்கிவிடலாம்.

19 ஜூலை

எனக்கும் பிரஷர் உண்டு, 2016 முதல். இப்போது இருப்பது மகள் வீட்டில், திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். இங்கேயும் தன்னார்வலர் வருகிறார், முப்பது வயசுக்குள் இருக்கும், ஸ்கூட்டியில் ஒரு நீலப் பை.

இன்று காலை வந்தபோது நான் இல்லை, டீக்கடையில் இருந்தேன். சாயங்காலம் மறுபடி வந்தார். பிரஷர் பார்த்தார், 160. போன மாசம் கொடுத்த அட்டைகளை எடுத்து வரச் சொன்னார். கொண்டு வந்து கொடுத்தேன். எண்ணினார்.

"பெரியப்பா, பதினாலு மிச்சம் இருக்கே?"

மறந்துவிட்டது என்றேன். தலைசுற்றல் இல்லையே, அதனால்தான் என்றேன். மருந்தாளுநராக இருந்தவன் என்று அவரிடம் இதுவரை சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். பையிலிருந்து மூன்று அட்டையை எடுத்து முழுசாக வைத்துவிட்டு, வியாழக்கிழமை மறுபடி வந்து எண்ணுவேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார்.